திறக்காத சிமிழ்

பூட்டினேன், சாவியை ஆணியில் மாட்டினேன், அது நிச்சயம். சுவரில் உரசிச் சாவி ஒருதரம் கிணுங்கியது இன்னும் காதில் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்குக் கேட்ட கிணுங்கலா, நேற்றையதா, போன மாதத்து முதல் வெள்ளியுடையதா என்றுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே நற்கருணைப் பேழை, அதே சாவி, அதே ஆணி. ஒரே வேலையை ஒரே மாதிரி செய்து பழகிவிட்டால் கை தானாகச் செய்யும், மனசு கடவுளிடம் போகலாம் என்று மடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கை தானாகச் செய்தால் சரி. செய்யாமல் விட்டிருந்தால் மனசு எப்படிக் கண்டுபிடிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பேருந்து தாழையூரணி விலக்கைத் தாண்டிவிட்டது. கழுத்தில் தொங்குகிற வெள்ளைப் பட்டுப்பையை உள்ளங்கையால் மார்போடு அழுத்திக்கொண்டு, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். பைக்குள் பித்தளைச் சிமிழ். சிமிழுக்குள் மூன்று நோயாளிகளுக்கு நற்கருணை. இருக்க வேண்டும். அழுத்திப் பார்த்தால் சிமிழ் இருப்பது தெரிகிறது, உள்ளே இருப்பது தெரியவில்லை. மெல்லிய கோதுமை அப்பம் மூன்றுக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது. குலுக்கிப் பார்க்கலாமா என்று நினைத்த கையை நானே மனசுக்குள் அடித்தேன். சாமியைக் குலுக்குவாளாம், அறுபத்து நாலு வயசுக் கன்னியாஸ்திரி.

கண்டக்டர் சையது மௌனமாகக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டுப் போகிறார். அவருக்குத் தெரியும். வெள்ளைப் பை கழுத்தில் இருந்தால் நான் பேசமாட்டேன், நான் பேசாவிட்டால் அவரும் பேசமாட்டார். மற்ற நாளில் அவருக்கு என்னிடம் சொல்ல நூறு கதை உண்டு, மருமகனைப் பற்றி மட்டுமே ஐம்பது. நற்கருணையைக் கொண்டுபோகிறவள் வழியில் வாய் திறக்கக் கூடாது, கூடவருகிறவர் யாரென்று நினைவில் வைத்து நடக்க வேண்டும் என்பது எங்கள் பெனடிக்டின் மடத்துப் பழக்கம். மற்ற சபைச் சகோதரிகள் இவ்வளவு பார்ப்பதில்லை, ஸ்கூட்டரில் போகிறபோதே போனில் பேசுகிறார்கள். குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் மடியில் கத்தரி நாற்றுக் கட்டை வைத்துக்கொண்டு, ஏறியதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அம்மாவுக்கு எந்த ஊரு?" புன்னகைத்தேன். "நெடுங்கண்மாய்க்கா?" தலையாட்டினேன். "அய்யோ பாவம், வாய் பேச வராதா?" பின்னாலிருந்து சையது சத்தம் போடுகிறார். "ஏம்மா, அவுகட்ட பேச்சுக் குடுக்காத. சாமி கொண்டு போறாக." அவள் பதறிப்போய் நாற்றுக்கட்டைக் காலடியில் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் முகத்தைவிட்டுப் பையைப் பார்த்துக் கும்பிடுகிறாள். ரொம்ப மெதுவாக, பைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாமி, எம்மக கனகா முழுகாம இருக்கா, ஏழு மாசம், ரெண்டு தடவ நிக்காமப் போச்சு. இத நிப்பாட்டிக் குடு" என்கிறாள்.

இப்போது சொல்லும் ஆண்டவரே, நான் என்ன செய்வேன். உள்ளே நீர் இல்லாவிட்டால் இவள் சொன்னதை யார் வாங்கிக்கொண்டது. நீர் எங்கும் இருக்கிறீர், அது எனக்கும் தெரியும், ஞான உபதேசத்தில் முதல் கேள்வியே அதுதான், ஆனாலும் இவள் எங்கும் இருக்கிறவரிடம் சொல்லவில்லை, இந்தப் பையிடம் சொன்னாள். கனகா, ஏழு மாதம். இதையாவது நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கனகா, ஏழு மாதம். சிமிழ் வெறுமையாக இருந்தால் இந்த விண்ணப்பத்துக்கு நான்தான் பொறுப்பு.

சரி, முதலிலிருந்து வருவோம். காலைச் செபம் முடிந்தது ஆறரைக்கு. பங்குச்சாமியார் ஆயர் இல்லத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டதால் இன்றைக்குப் பூசை இல்லை. நானும் சிஸ்டர் பிளாசிதாவும் கஞ்சி குடித்தோம், துவையல் கொஞ்சம் கரித்தது. ஏழரைக்குக் கோயிலுக்குள் தனியாகப் போனேன். பக்கத்து அறை இழுப்பறையிலிருந்து சிமிழை எடுத்தேன், துடைத்தேன், உள்ளே பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சுத்தமாக என்றால் வெறுமையாக. பீடத்துக்குப் போனேன், சாவியைப் பேழையில் நுழைத்தேன். அப்போது வாசலிலிருந்து பிளாசிதா, "சிஸ்டர், கேஸ் வந்திருச்சு, புத்தகத்தை எங்க வச்சீங்க?" என்றாள். "அரிசி டின்னுக்கு மேல" என்றேன். பதில் சொன்னேன். அதுதான் முள்ளாகக் குத்துகிறது, பதில் சொன்னேன். கையில் நற்கருணை இருந்திருந்தால் கோயிலே இடிந்து விழுந்தாலும் பதில் சொல்லியிருக்கமாட்டேன். ஆக அந்த நேரத்தில் சிமிழ் வெறுமை. அதற்கப்புறம்? அதற்கப்புறம் பேருந்து நிறுத்தம், புங்க மரம், சையதின் விசில். நடுவில் ஒன்றுமில்லை. பேழையைத் திறந்து, முழந்தாளிட்டு, பாத்திரத்திலிருந்து மூன்று அப்பங்களை எடுத்து வைத்தது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்தக் காட்சியில் பீடத்தில் நந்தியாவட்டை இருக்கிறது. இன்றைக்குப் பீடத்தில் வைத்தது அரளி. நந்தியாவட்டை போன வாரம்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது யாருக்கும் வரலாம். பிளாசிதாவை யூஜினா என்று கூப்பிட்டேன், அவளுக்கு முன்னால் என்னோடு இருந்த யூஜினா செத்து ஆறு வருஷம். அதுவும் வரலாம், வயசானால் பெயர் தடுமாறும். ஆனால் லூர்தம்மாள் வீட்டுத் துக்கம்? புருஷன் பெட்டியில் கிடக்கிறார், ஊரே கூடியிருக்கிறது, நான் கணீரென்று, "இறந்துபோன லூர்தம்மாளின் ஆன்மா இளைப்பாற" என்று செபம் சொன்னேன். ஒரு கணம் அழுகையே நின்றுபோனது. பெட்டியின் தலைமாட்டிலிருந்து லூர்தம்மாள், "என்னையும் சேத்து அனுப்பிட்டீகளே சிஸ்டரு" என்றாள். அந்த அழுகைக்கு நடுவில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிளாசிதா எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் பயம். அன்றிலிருந்து என் மருந்துகளைக் கிழமை போட்ட டப்பாவில் எடுத்து வைக்கிறாள், அடுப்பைத் தொட விடுவதில்லை, "நீங்க செபம் பண்ணுங்க சிஸ்டர்" என்கிறாள். நாளைக்குச் சனிக்கிழமை, மடத்திலிருந்து மதர் பார்வையிட வருகிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். நல்லாயிருக்கேன் மதர் என்று சொல்வதாக இருக்கிறேன். வேறு ஏதாவது சொன்னால் மலையடிவாரத்து மடத்துக்குக் கூட்டிப்போய், கிழக்குப் பார்த்த அறை ஒன்றில் கட்டில் போட்டு, வேளைக்குக் கஞ்சி தந்து, அன்பாக, ரொம்ப அன்பாக வைத்துக்கொள்வார்கள். சையது இருக்கமாட்டார். கண்மாய்க்கரை இருக்காது. நெடுங்கண்மாயில் கட்டிலோடு கிடக்கிற சந்தியாகு இருக்கமாட்டான்.

வேடிக்கை என்னவென்றால் எங்கள் சபையில் கொடுக்கிற முதல் வாக்கே ஓரிடத்தில் நிலைத்திருப்பேன் என்பதுதான். மற்றவர்கள் ஏழ்மை, கற்பு என்று தொடங்குவார்கள், நாங்கள் இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று தொடங்குவோம். அப்படி வாக்குக் கொடுத்த என்னைத்தான், மழை பொய்த்த வருஷம், ஆயர் கேட்டுக்கொண்டார் என்று, ஆறே மாதம், கஞ்சித்தொட்டி நடத்திவிட்டு வந்துவிடு என்று இந்தக் கருவேலங்காட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சித்தொட்டி மூடியாயிற்று, அப்புறம் ஞான உபதேசம், அப்புறம் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, சண்டைக்குப் பஞ்சாயத்து, சாவுக்குச் செபம், ஆறு மாதம் இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. பதினொரு கிராமம், நாலு பேருந்து, இதுதான் நான் நிலைத்திருக்கிற இடம் என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டேன். மடத்தில் எனக்கு வைத்த ஸ்கொலாஸ்டிகா என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, கலாசு சிஸ்டர் ஆனேன். மடத்தில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது இப்போது.

துறவுக்கு அழைத்தல் எப்படி வந்தது என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள், காட்சி, கனவு, சத்தம் ஏதாவது சொல்வேன் என்று பார்ப்பார்கள். எனக்கு வந்தது ஒரு களைக்கொத்து. அப்பா கிணறு தூர் வாருகிறவர். மடத்துக் கிணற்றுக்கு வந்தபோது துணைக்கு நானும் வந்தேன், அப்போது நான் ஞானசவுந்தரி, பதினெட்டு வயசு. கடலைக் காட்டில் சிஸ்டர்மார் வரிசையாகக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. ஒரு சிஸ்டர் கொத்தை ஓங்கியிருந்தார், ஓங்கிய கொத்தைக் கொத்தாமலே தரையில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தார். இன்னும் ஒரு கொத்து, அந்தச் செடி முடிந்திருக்கும். "ஏம்ப்பா பாதியிலயே போறாக?" என்று கிணற்றுக்குள் எட்டிக் கேட்டேன். "மணி அடிச்சிருச்சுல்ல" என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார். எங்கள் வீட்டில் பாதி அம்மியோடு எழுந்தால் அம்மா கையை முறித்துவிடுவாள். முடிக்காமல் எழுந்திருக்கலாம், உலகம் அப்படியே நிற்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், அந்த விடுதலைக்காக வந்தேன். வந்தவள் இப்போது பார், எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நெடுங்கண்மாய் விலக்கு. சையது கையைக் கொடுக்காமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறார். இறங்கினேன். திரும்பிப் போகிற பேருந்து இரண்டு மணிக்கு. ஊர் இன்னும் இரண்டு கிலோமீட்டர், கண்மாய்க்கரை மேலே. வெயில் பத்து மணிக்கே பல்லைக் காட்டுகிறது. இங்கே யாருமில்லை. ஒரு வேப்பமரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பையில் வெள்ளைத் துணி இருக்கிறது. துணியை விரித்துச் சிமிழைத் திறந்து பார்த்துவிடலாம், யார் வேண்டாமென்றது. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நின்றேன். பையின் கயிற்றைத் தொட்டேன். தொட்ட கையை எடுத்துவிட்டு நடந்தேன். மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம், பொய். உள்ளே நீர் இருக்கிறீரா என்று பார்க்க எனக்குப் பயமில்லை ஆண்டவரே, நான் இருக்கிறேனா என்று பார்க்கத்தான் பயம். திறக்காதவரை எனக்கு ஒன்றுமில்லை, திறக்காதவரை நான் கலாசு சிஸ்டர்.

வெறுமை என்றால் நான் பேசலாம், எதிரே வருகிறவரிடம் போன் வாங்கலாம், பிளாசிதாவைக் கூப்பிடலாம். பேசினால் வெறுமை என்று நானே தீர்ப்புச் சொன்னதாகும், ஒருவேளை உள்ளே இருந்துவிட்டால்? பேசாமல் நடந்தால், ஒருவேளை இல்லாமலிருந்துவிட்டால்? மாட்டைச் செக்கில் கட்டியதுபோல இதையே சுற்றிக்கொண்டு வருகிறேன். கரிமூட்டம் போடுகிற இடத்தில் பெண்கள் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து, கரிக்கையோடு சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். ஒருத்தி முழந்தாளிடுகிறாள், சுடுகிற மண்ணில். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளும் முழந்தாளிட்டாள். இனி நான் கையை அசைக்கமாட்டேன். பொய் ஒன்றைத் தயார் செய்ய ஆரம்பித்தது மனசு, அது மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு. சாமியார் சாவியை எடுத்துப்போய்விட்டார் என்று சொல்லலாம். மயக்கம் வருகிறது என்று உட்கார்ந்துவிடலாம், அறுபத்து நாலு வயசு, யார் சந்தேகப்படுவார்கள். சிமிழைத் திறக்காமலே ஆசி கூறிவிட்டு, அடுத்த வாரம் நற்கருணை கொண்டுவருகிறேன் என்று கிளம்பலாம். அடுத்த வாரம் சந்தியாகு மதுரையில் இருப்பான். நாளைக்கு அங்கே அவனுக்கு முதுகுப் புண்ணில் அறுவை, எலும்புவரை போய்விட்டதாம், மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பது உறுதியில்லை என்று டாக்டர் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கரி லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன், பதினொரு வருஷமாக ஒரே கட்டில், ஐம்பத்திரண்டு வயசு. நோயாளிக்கு உபவாசம் தேவையில்லை என்று எத்தனை தடவை ஆள்விட்டுச் சொல்லியும் கேட்கமாட்டான், நற்கருணை வாங்குகிற நாளுக்கு முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவனிடமா பொய் சொல்லப்போகிறாய், ஞானசவுந்தரி.

வீடு வந்துவிட்டது. எத்தனை மெதுவாக நடந்தாலும் வந்துவிடுகிறது. சந்தியாகின் மனைவி பிரகாசி வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கிறாள், மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்தி வாசலிலேயே முழந்தாளிட்டு எதிர்கொள்கிறாள், பிறகு முன்னால் நடக்கிறாள். உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி, வெள்ளைத் துணி, ஒரு டம்ளர் தண்ணீர், தட்டில் கனகாம்பரம். சந்தியாகு சவரம் செய்துகொண்டு, துவைத்த பனியனோடு, கையைக் கூப்பிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், பேசவில்லை. என் துணியை விரித்தேன். பையை அவிழ்த்தேன். சிமிழை எடுத்து நடுவில் வைத்தேன். மூடியில் என் விரல் ஈரமாக ஒட்டிக்கொண்டது. திறந்தேன். பித்தளையின் மஞ்சள், அதில் மெழுகுவர்த்தி, அதற்குமேல் என் முகம் சின்னதாக, தலைகீழாக. வேறு ஒன்றுமில்லை.

விந்தை, பயம் போய்விட்டது. வழியெல்லாம் கூட வந்தது இந்த வீட்டுக்குள் வரவில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சந்தியாகு," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "உள்ள ஒண்ணுமில்லப்பா. வெறும் சிமிழைக் கொண்டாந்திருக்கேன். வைக்க மறந்துட்டேன். எனக்கு மறதி வந்திருச்சு. இப்பல்ல, ஆறு மாசமா. யாருக்கும் சொல்லல, உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

சந்தியாகு கூப்பின கையை இறக்காமல் சிமிழை எட்டிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அப்ப இன்னைக்கு நீங்க பேசலாம்ல சிஸ்டரு?"

"என்னது?"

"பதினோரு வருசமா முதல் வெள்ளி முதல் வெள்ளி வாறீக. சாமியோட வாறீக, அடுத்த வீட்டுக்குச் சாமியோட போயிருறீக. செபத்தத் தவிர ஒரு வார்த்த பேசினதில்ல. நான் பிரகாசிக்கிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பேன், இந்தச் சிஸ்டரு ஒரு நா வெறுங்கையோட வந்தா உக்காத்தி வச்சுப் பேசணும்னு." அவன் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் தலையணைக்குள் இறங்கியது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. "எனக்கு நாளைக்குப் பயமாருக்கு சிஸ்டரு. சாமிக்கிட்டச் சொல்லிட்டேன். மனுசருகிட்டச் சொல்லணும்."

"எனக்கும்தான்யா," என்றேன். "எனக்கும் நாளைக்குத்தான்." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் அவன் கையை இன்றைக்குத்தான் தொட்டேன். பிரகாசியிடம் போன் வாங்கினேன். பிளாசிதா எடுத்தாள். "சிமிழ் வெறுமை" என்றேன். "பேழையத் தொறந்து மூணு பேருக்கு எடுத்துட்டு ஸ்கூட்டர்ல வா. இல்ல, அஞ்சு பேருக்கு எடு, பிரகாசியும் நானும் இன்னைக்கு வாங்கல. இன்னொன்னு. நாளைக்கு மதர் கேட்கிறதுக்கு முந்தி நானே சொல்லிருவேன். நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "சொல்லித்தான் ஆகணுமா சிஸ்டர்?" என்றாள். இத்தனை நாளாக என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இவளைப் போய்.

முக்கால் மணி நேரம் பேசினோம். அவன் லாரியிலிருந்து விழுந்த கதை, விழுகிறபோது வேட்டி அவிழ்ந்துவிடுமே என்றுதான் நினைத்தானாம். நான் லூர்தம்மாளைச் சாகடித்த கதை. அவன் சிரித்ததில் கட்டில் ஆடியது, புண்ணு வலிக்குது நிறுத்துங்க என்றான், நிறுத்தவில்லை. மயக்கம் தெளியாமலே போய்விட்டால் பிரகாசி என்ன செய்வாள் என்று கேட்டான், தெரியவில்லை என்று சொன்னேன். நடுவில் நான் ஒருதரம் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திருத்தாமல் ஆமாம் சொன்னான். கனகா, ஏழு மாதம் என்றேன் திடீரென்று, நாளைக்கு மறந்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் இவளுக்காகச் செபம் பண்ணுங்கள் என்றேன். யார் என்று அவர்கள் கேட்கவில்லை, பிரகாசி அந்தப் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தெருவில் ஸ்கூட்டர் நின்றது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். பிரகாசி மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிளாசிதா உள்ளே வந்தாள், வெள்ளைப் பை அவள் கழுத்தில், முகம் வீங்கியிருந்தது, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது, நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் எழுந்து முக்காலியைவிட்டு விலகி, கட்டிலின் இந்தப் பக்கம் தரையில், பிரகாசியோடு முழந்தாளிட்டேன். பிளாசிதா செபம் சொன்னாள், சொல்லச் சொல்ல நானும் ஊரார் சொல்கிற பதிலைச் சொன்னேன். சந்தியாகு நாக்கை நீட்டி வாங்கிக் கண்ணை மூடினான். அவள் என் பக்கம் திரும்பினாள். அவனுக்கு அடுத்து, பிரகாசிக்கு முன்னால், அந்த வீட்டில் ஒருத்தியைப்போல நானும் வாயைத் திறந்தேன்.